மேலட்டை இல்லாத மரகதம்

புது ஷூ வாங்கிக் காலை உள்ளே விட்டால் விரல் நுனியில் ஏதோ தட்டும். கையை விட்டு எடுத்தால் ஒரு தாள் உருண்டை வரும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு நடந்து போய்விடுவோம். அதை யார் உருட்டி வைத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் ஆம்பூர்ப் பக்கம் கையைக் காட்டிக் கோவிந்தம்மாள் என்று ஒரு பேரையாவது சொல்லலாம்.

கோவிந்தம்மாள் ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனாள். ஆறாவதுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும் என்பதால் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பதினேழு வயசில் ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். ஷூவின் மூக்கு அமுங்கிப் போகாமல் இருக்க உள்ளே தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். அதுதான் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் ஜோடிக்கு வெள்ளைத் தாள். உள்ளூர் ஜோடிக்குப் பழைய பேப்பர். பழைய பேப்பர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பரீட்சைப் பேப்பர், பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில் இருக்கும். மேலட்டை கிழிக்கப்பட்ட புத்தகங்களும் வரும். அவற்றைப் பிரித்துத் தாள் தாளாகக் கசக்குவார்கள்.

பேக்கிங் சூப்பர்வைசர் நவீத் பாய் நல்ல மனுஷர். ஆனால் ஷூவின் உள்பக்கத்து லைனிங்கில் ஒரு கறை பட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க முணுமுணுப்பார்.

"எழுத்து இருந்தா பரவால்ல. படம் போட்ட தாள் வேணாம்மா. அதுல மை ஜாஸ்தி. வெள்ளை லைனிங்ல ஒட்டிக்கும். அதையெல்லாம் ஓரமா போட்டுடுங்க, பெருக்குறவங்க அள்ளினு போவாங்க."

அப்படி ஓரமாகப் போடப் போன ஒரு தாளில்தான் கோவிந்தம்மாள் அவளைப் பார்த்தாள். கண்ணை மட்டும் காட்டும் முகமூடி. கையில் சவுக்கு. குதிரையோடு சேர்த்துக் கோட்டைச் சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தின் தலையில் 'முகமூடி மரகதம்' என்று போட்டிருந்தது. அடியில் இருபத்தேழு என்று பக்க எண்.

ஒரு பொம்பளை குதிரையில் சுவர் தாண்டுவதை அதுவரைக்கும் கோவிந்தம்மாள் பார்த்ததில்லை. சாயங்காலம் நவீத் பாய் முன்னால் போய் நின்றாள்.

"பாய், இந்தத் தாளை எடுத்துனு போவட்டா?"

"குப்பைக்குப் போறதுக்கு இன்னாம்மா கேள்வி?"

"கேட்டுட்டு எடுத்தா குப்பை பாய். கேக்காம எடுத்தா திருட்டு."

அவர் சிரித்துவிட்டார். இந்தப் பெண் படம் போட்ட தாள் எடுத்துப் போனால் தடுக்க வேண்டாம் என்று கேட் வாட்ச்மேனிடமும் சொல்லி வைத்தார்.

அன்றிலிருந்து ஆறு வருஷம் மரகதம் தாள் தாளாக வந்தாள். எதிர் மேஜையில் வேலை செய்த அஃப்ஸர் ஜஹானும் ஒரு கண் வைத்திருப்பாள். அவளுக்கு உருது படிக்க வரும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் முகமூடியைக் கண்டுபிடிக்க எழுத்து எதற்கு? மூட்டைக்குள் கையை விட்டபடியே கூப்பிடுவாள்.

"கோவிந்தி, உன் ஆளு வந்துட்டா."

கதை முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. மரகதம் முதலில் சுவரைத் தாண்டினாள். எதற்காகத் தாண்டினாள் என்று தெரிய ஆறு மாசம் ஆனது. கோயில் நகையைத் திருடியதாகப் பொய்ப் பழி போட்டு, தட்டார் வேலை செய்த அவள் அண்ணனைக் கோட்டைச் சிறையில் அடைத்திருந்தார்கள். உண்மையில் திருடியவன் அரண்மனைக் காவல் தலைவன். அவன் திருடன் என்று முதலில் தெரிந்துவிட்டது. அவன் நல்லவன் மாதிரி வந்து பேசுகிற பக்கம் இரண்டு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. "நம்பாதடி, அவன் நடிக்கிறான்" என்று அஃப்ஸர் அந்தப் படத்தைப் பார்த்தே சொன்னாள்.

கசங்கிய தாளை வீட்டில் லேசாகத் தண்ணீர் தெளித்து, சொம்பில் தணல் போட்டுத் தேய்ப்பாள். பிறகு அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிடுவாள். பன்னிரண்டாம் பக்கம் ஏழு தடவை வந்தது. முதல் பக்கம் ஐந்தாம் வருஷம்தான் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே கேட்பார்கள், "இன்னாடி ஆச்சு மரகதத்துக்கு?" கோவிந்தம்மாள் சொல்லத் தொடங்கினால் ஊறுகாய் கேட்கிறவள்கூட ஜாடையில்தான் கேட்பாள். ஐந்தாவதோடு நின்று எழுத்துக்கூட்டிப் படித்தவள் தட்டுத்தடங்கல் இல்லாமல் படிக்கப் பழகியது மரகதத்தால்தான்.

இடையில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தனகோடி, லாரி டிரைவர். மரகதத்தின் தாள்களை வைத்து அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒரு பொண்டாட்டின்னு நெனச்சேன். ரெண்டு பேரா வந்திருக்கீங்க" என்றார். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் பெட்டியை அவரே தூக்கி வெளியே வைத்து, அவரே உள்ளே கொண்டுவந்து வைப்பார்.

முப்பத்திரண்டு தாளும் சேர்ந்துவிட்டது. அறுபத்து நான்கு பக்கம். ஆனால் கதை முடியவில்லை. அறுபத்து நான்காம் பக்கத்தில் கோட்டை மதில் மேல் காவல் தலைவன் மரகதத்தை மடக்கிவிட்டான். கீழே அகழி. அவன் விரல் அவள் முகமூடியின் ஓரத்தைப் பிடித்துவிட்டது. "உன் முகத்தை ஊரே பார்க்கட்டும்" என்கிறான். அவ்வளவுதான். அதற்கு அடுத்த தாள் வரவில்லை.

வரும் என்று காத்திருந்தாள். ஷூ தைக்கும் மெழுகு நூலில் ஒரு கழிவுத் துண்டைக் கேட்டு வாங்கி, ஊசியால் ஓரத்தில் துளை போட்டு, முப்பத்திரண்டு தாளையும் அவளே தைத்தாள். முதுகுக்கு ஆட்டுத்தோல் லைனிங் துண்டு. முடிச்சுப் போடும் இடத்தில் மட்டும் ஒரு முழம் நூலை அறுக்காமல் விட்டாள். கடைசித் தாள் வந்தால் அதைச் சேர்க்க வேண்டுமே. பள்ளிகொண்டா ரங்கநாதருக்கு வேண்டிக்கொண்டாள், அந்தத் தாள் கிடைத்தால் துளசி மாலை சாற்றுகிறேன் என்று.

கேட்கிற பெண்கள் சும்மா விடுவார்களா? முடிவு எங்கே என்று பிடுங்கி எடுத்தார்கள். அதனால் ஒரு நாள் அவளே ஒரு முடிவு சொன்னாள். முகமூடி கழன்று விழுகிறது. மதிலுக்குக் கீழே ஊரே திரண்டு நிற்கிறது. மரகதம் முகத்தை மறைக்கவில்லை. "தட்டார் வீட்டுப் பொண்ணுதான். நல்லா பாத்துக்கோங்க" என்கிறாள். பேக்கிங் பிரிவில் எல்லோரும் கை தட்டினார்கள். நவீத் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, காரணம் தெரியாமலே போய்விட்டார்.

ஆனாலும் அது தன் சொந்தச் சரக்கு என்று கோவிந்தம்மாளுக்குத் தெரியும். எழுதினவன் என்ன எழுதினான் என்பது தெரியாமல் மனசு ஆறவில்லை. பிறகு உள்ளூர் ஜோடிக்கும் வெள்ளைத் தாள் வந்தது. பழைய பேப்பர் மூட்டை நின்றுபோனது. நூல் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது.

முப்பத்தைந்து வருஷம் ஓடியது. மகள் ஹேமலதா பிறந்து, படித்து, கல்யாணம் ஆகி அதே தெருவில் குடி வந்தாள். கோவிந்தம்மாள் வேலையிலிருந்து நின்று இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஆடி மாசம் ஹேமலதா அந்தப் புத்தகத்தைப் போனில் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டாள். ஷூவுக்குள் போக இருந்த தாள்களை எடுத்து என் அம்மா தைத்த புத்தகம் என்று எழுதினாள். மூன்றாம் நாள் வேலூரிலிருந்து ஒரு ஆள் பைக்கில் வந்து வாசலில் நின்றான்.

அவன் பேர் சூரியபிரகாஷ். முப்பத்தைந்து வயசிருக்கும். லாங்கு பஜார் பக்கத்தில் அவன் தாத்தா வைத்திருந்த அச்சகத்தில்தான் 'முகமூடி மரகதம்' அச்சானது. கோவிந்தம்மாள் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்துத் திறந்ததும் அவன் குனிந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். காபி ஆறிப்போனது.

"இதுல உள்பக்கம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லம்மா. இது முழுசா உலகத்துல எங்கயும் இல்லன்னு நெனச்சினு இருந்தேன்."

"அச்சடிச்சவங்க வீட்லயே இல்லியா? அதெப்டி தம்பி?"

அவன் சொல்லச் சொல்லத்தான் கோவிந்தம்மாளுக்குத் தன் கைக்கு அந்தத் தாள்கள் வந்த வழி தெரிந்தது.

அவன் தாத்தா முதலில் போட்டது படக்கதை இல்லை. மாசம் ஒரு துப்பறியும் நாவல். மட்டமான பழுப்புத் தாள், பளபள மேலட்டை, பஸ் ஸ்டாண்டில் வாங்கி இறங்கும் ஊர் வருவதற்குள் படித்து முடிக்கிற கதை. பெரிய தாளில் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதற்கு ஒரு பாரம் என்று பேர். கதை எழுதுகிறவர் ஒரு மாசம் அளவாக எழுதுவார். ஒரு மாசம் அவசரத்தில் கொலைகாரனைச் சீக்கிரமே பிடித்துவிடுவார். கடைசிப் பாரத்தில் ஐந்தாறு பக்கம் காலியாக நிற்கும். வெள்ளையாக விட்டால் வாங்குகிறவன் திட்டுவான். அதனால் தாத்தா, கடைகளுக்குப் போர்டு எழுதுகிற ஒருவரைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் படம் போட்டு ஏதாவது கதை சொல்லு என்றார். அவர் வரைந்த பெண்தான் மரகதம்.

"கொஞ்ச நாள்ல ஜனங்க புத்தகத்தைப் பின்னாலருந்து பிரிக்க ஆரம்பிச்சாங்களாம். நாவலை அப்புறம் பாத்துக்கலாம்னு. தாத்தா பாத்தாரு. நாவலை எடுத்துட்டு படத்தையே முழுப் புத்தகமா போட்டாரு. வேலூர்ல அச்சான படக்கதை புத்தகம் எனக்குத் தெரிஞ்சு இதுதாம்மா முதல்ல."

கோவிந்தம்மாள் புத்தகத்தின் முதுகைத் தடவிக்கொண்டாள். இத்தனை நாள் மரகதம் மெட்ராஸ்காரி என்றுதான் நினைத்திருந்தாள். நம்ம வேலூர்க்காரி. அந்தக் கோட்டையும் நம்ம கோட்டைதான்.

விற்காத புத்தகத்தை ஊர் ஊராக இருந்த ஏஜென்ட்டுகள் முழுசாகத் திருப்பி அனுப்ப மாட்டார்களாம். பார்சல் கனமாகிவிடும். மேலட்டையை மட்டும் கிழித்து, விற்கவில்லை என்பதற்குச் சாட்சியாகத் தபாலில் அனுப்புவார்கள். மிச்சம் எடைக்குப் போகும். எடைக்குப் போனதுதான் ஆம்பூருக்கு மூட்டையாக வந்தது.

"அதனால எங்க வீட்ல மேலட்டை மட்டும் கட்டு கட்டா இருக்குதும்மா. நீங்க குடுத்தா இதை வெச்சு திரும்பவும் புத்தகம் போட்டுடுவேன்."

"கடைசிப் பக்கம் இருக்குதா தம்பி?"

"எது?"

அவள் அறுபத்து நான்காம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "இல்லம்மா. முடிவு கிடைக்கலன்னு கீழ ஒரு வரி போட்டுடலாம்."

"வேணாம்" என்றாள் கோவிந்தம்மாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "முகமூடியைப் புடிச்சினு நிக்கிறான். அப்டியே அவளை ஊர் முன்னால நிறுத்திட்டு நாம போயிடக் கூடாது. முடிவைத் தேடு. இல்லன்னா போட வேணாம்."

அவன் ஹேமலதாவைப் பார்த்தான். அவள், "எங்கம்மா சொன்னா சொன்னதுதான்" என்றாள்.

அடுத்த வாரம் கோவிந்தம்மாளே வேலூருக்குக் கிளம்பினாள். மேலட்டைக் கட்டுகளைத் தன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. புத்தகத்தைத் துணியில் சுற்றி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள். துணைக்கு அஃப்ஸர் ஜஹான் வந்தாள். பள்ளிகொண்டா தாண்டும்போது கோவிந்தம்மாள் பஸ்ஸிலிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"உங்க சாமி படுத்துனு இருக்காரு. நீ முப்பத்தஞ்சு வருஷமா அவர்கிட்ட கேட்டுனு இருக்கே. எப்டி நடக்கும்?" என்றாள் அஃப்ஸர்.

"கண்ணைத்தான் மூடினு இருக்காரு. காது தெறந்துதான் இருக்குது."

"அப்போ நான் பேசினதும் கேட்டிருக்குமே."

"கேட்டிருக்கும். உன் மேல கோவப்பட மாட்டாரு. நீ பன்னெண்டு தாள் எடுத்துக் குடுத்தவ."

சூரியபிரகாஷ் வீட்டு மாடியில் மேலட்டைகள் இருந்தன. நான்கை மட்டும் அட்டையில் ஒட்டிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தான். சிவப்பும் மஞ்சளும் இன்னும் மங்கவில்லை. மரகதத்தைக் கலரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவள் சேலை பச்சை. அதைப் பார்த்ததும் கோவிந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கறுப்பு மையில் பார்த்துப் பார்த்து, சிவப்பு என்று அவளாகவே நினைத்திருந்தாள்.

மற்றவை சணல் கயிற்றில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. எல்லாம் படம் மேலே தெரியும்படி அடுக்கியவை. அவன் ஒரு கட்டை அவிழ்த்து, மேலே இருந்த மேலட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

நவீத் பாய் வேலை பழக்கிய கை அது. ஒரு ஜோடி கைக்கு வந்தால் வெளியே பார்த்தால் மட்டும் போதாது, உள்ளே விரலை விட்டு லைனிங்கையும் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். கோவிந்தம்மாள் யோசிக்கவே இல்லை. கை தன்னால் மேலட்டையைத் திருப்பியது.

உள்பக்கத்தில் கோட்டை மதில் இருந்தது. முகமூடியின் ஓரத்தில் ஒரு கை இருந்தது.

"அஃப்ஸர்" என்றாள். மேலட்டையை அவள் பக்கம் நீட்டினாள்.

சூரியபிரகாஷ் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. "படம் இருக்கும்னு தெரியும்மா. பக்க நம்பர் இல்ல. அடுத்த புத்தகத்துக்கு விளம்பரம்னு நெனச்சு படிச்சே பாக்கல. மத்த புத்தகத்துல எல்லாம் அந்த இடத்துல பல்பொடி விளம்பரம்தான் இருக்கும்."

கதை அறுபத்து ஐந்து பக்கம் ஓடிவிட்டது. ஒரு பக்கத்துக்காக இன்னொரு பாரம் அச்சடிக்கத் தாத்தாவுக்கு மனசு வரவில்லை. கடைசிப் பக்கத்தை மேலட்டையின் பின் பாதிக்கு உள்ளே போட்டுவிட்டார். மேலட்டை கிழிந்ததும் கதையின் தலையும் வாலும் வேலூருக்குத் திரும்பிவிட்டன. உடம்பு ஆம்பூருக்கு வந்துவிட்டது. எத்தனை மூட்டை பிரித்தாலும் அந்தத் தாள் வந்திருக்காது.

"சத்தமா படி" என்றாள் அஃப்ஸர். "நானும் முப்பத்தஞ்சு வருஷமா காத்துனு இருக்கேன்."

கோவிந்தம்மாள் படித்தாள். முகமூடி கழன்று வந்துவிடுகிறது. அதே நொடியில் சவுக்கு சுழல்கிறது. காவல் தலைவன் அகழியில் விழுகிறான். அண்ணன் சிறையிலிருந்து வருகிறான். ஆனால் படம் வரைந்தவர் மரகதத்தின் முகத்தைக் காட்டவில்லை. முகமூடி போனதிலிருந்து அவள் முதுகைத்தான் வரைந்திருந்தார். கடைசிக் கட்டத்தில் அவள் முகமூடியைத் திரும்பக் கட்டிக்கொண்டு குதிரையில் போகிறாள். 'மரகதத்தின் முகத்தை இன்றுவரை கண்டவர் இல்லை' என்று எழுதியிருந்தது. கீழே 'முற்றும்'.

அந்த வார்த்தையைக் கோவிந்தம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள் அஃப்ஸர். "இவ்ளோ செஞ்சிட்டு மூஞ்சியக் காட்டாம போய்ட்டாளே. நீ சொன்னதுதான் நல்லா இருந்துச்சு."

"எழுதினவரு சொன்னதுதான் முடிவு" என்றாள் கோவிந்தம்மாள். ஆனால் அவள் முகம் மலர்ந்திருந்தது. "தப்பிச்சிட்டா இல்ல. அது போதும்."

பக்கங்களைப் பரப்பிப் படம் எடுக்க வேண்டுமானால் தையலைப் பிரிக்க வேண்டும். சூரியபிரகாஷ் அதைச் சொல்லத் தயங்கினான். கோவிந்தம்மாளே கேட்டாள், "பிரிக்கணுமா? கத்தரி வேணாம், நானே உருவுறேன்." முடிச்சை ஊசியால் தளர்த்தி, ஒரு இழை அறுபடாமல் நூலை வெளியே எடுத்தாள். அவன் ஒவ்வொரு தாளாக வைத்துப் படம் எடுத்து முடிக்கும்வரைக்கும் பக்கத்திலேயே நின்று, தாளை எடுத்துக் கொடுத்து வாங்கினாள். பிறகு அதே துளைகளில் அதே நூலை விட்டுத் தைத்தாள். பச்சைச் சேலை மேலட்டையை அவன் தானாகவே கொடுத்தான். அறுக்காமல் விட்ட அந்த ஒரு முழம் நூல் மேலட்டையைச் சுற்றிப் பிடிக்கச் சரியாக இருந்தது. கொஞ்சம்கூட மிச்சமில்லை. அதைச் சொல்லும்போது கோவிந்தம்மாள் இப்போதும் கையால் ஒரு முழம் அளந்து காட்டுவாள்.

திரும்பும்போது பள்ளிகொண்டாவில் இறங்கினார்கள். அஃப்ஸர் வாசலில் பூக்காரியோடு பேசிக்கொண்டிருக்க, கோவிந்தம்மாள் உள்ளே போய்த் துளசி மாலை சாற்றினாள். வெளியே வந்தபோது அஃப்ஸர் கேட்டாள், "எழுந்து உக்காந்தாரா?"

"சிரிச்சாரு" என்றாள் கோவிந்தம்மாள்.

இந்தத் தை மாசம் புத்தகம் அச்சுக்குப் போனது. போவதற்கு முன்னால் சூரியபிரகாஷ் மறுபடியும் ஆம்பூர் வந்தான். முன்பக்கத்தில் என்ன எழுதப் போகிறான் என்று படித்துக் காட்டினான். கப்பல் ஏறாத உள்ளூர் ஷூக்களுக்குள் போய்விடாமல் இந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியவர் ஆம்பூர் கோவிந்தம்மாள், உடன் தேடியவர் அஃப்ஸர் ஜஹான், எடுக்க அனுமதித்தவர் நவீத் என்று இருந்தது.

"என் பேரெல்லாம் எதுக்கு தம்பி? நான் பொறுக்கினவ, அவ்ளோதான்."

"அதை வரைஞ்சவரு பேரை எங்க தாத்தா எங்கயும் போடலம்மா. வீடு வீடா விசாரிச்சிட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. அந்தத் தப்பை நானும் செய்ய மாட்டேன்."

தனகோடி கதவோரம் நின்று, "எழுதுப்பா. பெட்டி தூக்கினவன் பேரையும் முடிஞ்சா எழுது" என்றார்.

பிறகு படம் எடுக்க வேண்டும் என்றான். வாசலில் வெளிச்சம் நன்றாக இருந்தது. அஃப்ஸர் ஜஹானைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோவிந்தம்மாள் பச்சை மேலட்டை தெரியும்படி புத்தகத்தை மடியில் பிடித்தாள். போனைத் தூக்கியதும் பழக்கத்தில் முந்தானை வாயருகே போய்விட்டது. பாதி முகம் மறைந்தது.

"நீயுமா?" என்றாள் அஃப்ஸர்.

கோவிந்தம்மாள் அவளைப் பார்த்தாள். மடியில் இருந்தவளைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்ப எடு தம்பி" என்றாள். "நல்லா தெரியட்டும்."